வைரவிக்காக வேண்டிக்கொண்டது

"சாமி, நாய்க்கு மாமிசம் அவசியமா?"

உமையாள் இப்படிக் கேட்டபோது சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"எந்த நாய்க்கு?" என்றார்.

"பொதுவாக் கேக்குறேன்."

"பொது நாயை நான் பார்த்ததில்லையே, ஆச்சி."

உமையாள் நகராமல் நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். சாமி வேட்டியைப் பிழிந்து உதறினார். கொடியில் போட்டார். சுருக்கம் நீவினார். அவள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"வைரவிக்கு," என்றாள் கடைசியில்.

"அப்படிச் சொல்லுங்க. வாங்க, அவளைப் போய்ப் பார்ப்போம்."

குன்றின் அடியில் இருந்ததால் அதற்குக் குன்றடி மடம் என்று பேர். சாமி நடத்தும் சின்ன மடம்தான். ஒரு வைரவர் சந்நிதி, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் மாட்டுக்கொட்டகை. மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் சோறு உண்டு. சைவச் சோறு. சாமியைவிட உமையாள் வயதில் மூத்தவள். பிள்ளைகளைக் கரையேற்றி, புருஷனையும் வழியனுப்பிவிட்டு, மிச்சக் காலத்தைக் கும்பிட்டுக் கழிக்கலாம் என்று வந்தவள். வந்த வாரமே கரண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. கும்பிட நேரம் எங்கே? பருப்பு வேகிற நேரத்தில் அடுப்புக்கு முன்னாலேயே கும்பிட்டுக்கொள்வாள்.

வைரவி மடத்துக்கு வந்தது ஒரு அடைமழையில். பஸ் நிறுத்தத்துச் சாக்கடையில் கிடந்த குட்டி. ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் செருகிவிட்டது. "இது தேறாது, தூரப் போட்டுடுங்க" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உமையாள் போடவில்லை. பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். அதுவும் இறங்காமல் வழிந்தபோது, மடியில் குட்டியோடு சந்நிதிக்குப் போனாள்.

"வைரவா, உன் வாகனத்தை உன் வாசலிலேயே சாகவிடாதே. இது மட்டும் பிழைச்சுக்கிட்டா, ஆயுசுக்கும் இது வாயில மாமிசம் படாம நான் பார்த்துக்குறேன்."

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், "பிள்ளைக்கு மொட்டை போடுறேன்" என்று தாய் வேண்டிக்கொள்வது இல்லையா? அதைப்போலத்தான். வாயில் வந்தது அது.

குட்டி பிழைத்தது.

அதன் பிறகு வைரவியின் புகழ் ஊரெல்லாம் பரவியது. மடத்தில் ஒரு சைவ நாய் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். தயிர்சோறு தின்கிற அழகைப் பார்த்து, "போன பிறவியில் யாரோ பெரிய அடியார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கேட்கக் கேட்க உமையாளுக்கு உச்சி குளிர்ந்தது. தேய்பிறை அஷ்டமிக்கு மடத்தில் எல்லோரும் ஒருபொழுது இருப்பார்கள். வைரவிக்கும் ஒருபொழுது.

ஒருநாள் அது வயல் எலி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் போட்டது. உமையாள் பதறிப்போனாள். மஞ்சள் தண்ணீரால் அதன் வாயைக் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, "சின்னப் பிள்ளை, தெரியாமச் செஞ்சிடுச்சு" என்று வைரவரிடம் மன்னிப்பும் கேட்டாள்.

சாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எலிக்கும் கொஞ்சம் பூசிடுங்க, ஆச்சி. அதுதான் பாவம் போய்ச் சேர்ந்திருக்கு," என்றார்.

இப்போது வைரவி கொட்டகையில் வைக்கோல்மேல் படுத்திருந்தது. நாலு குட்டி ஈன்றிருந்தது. விலா எலும்பெல்லாம் தோலுக்கு மேலேயே தெரிந்தது. மூன்று குட்டிகள் மடியை முட்டி முட்டிக் கத்தின. பால் வராத கோபம். நாலாவது குட்டி எல்லாவற்றிலும் சின்னது. அது முட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. தாயின் காலுக்கு அடியில் தலையைப் போட்டுக் கிடந்தது.

சாமியைப் பார்த்ததும் வைரவி எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் நின்றது. பின்னங்கால் நிற்கவில்லை. வாலை மட்டும் ஒருதரம் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா நேற்றுப் பசுவுக்கு ஊசி போட வந்தபோது இதையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஊசியும் போட்டு, மருந்தும் கொடுத்திருந்தார்.

"மருந்து மட்டும் போதாதுன்னாங்க. தயிர்சோத்தையே போட்டு வளர்த்திருக்கீங்க, குட்டி போட்ட உடம்பு அதைத் தாங்காதுன்னாங்க. ஈரல், கறி, முட்டை, ஏதாவது உடனே கொடுக்கணுமாம். கறியே இல்லாமலும் நாயை வளர்க்கலாமாம், ஆனா அதுக்கு முறை இருக்காம், முதல்லேருந்து பார்த்துப் பார்த்துச் செய்யணுமாம். இப்ப அதுக்கெல்லாம் நேரம் இல்லைன்னுட்டாங்க."

"நீங்க என்ன கொடுத்தீங்க?"

"பருப்பைக் கரைச்சு நெய் விட்டு ஊத்தினேன். சத்துமாவுக் கஞ்சி வச்சேன். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

"முட்டை?"

"அதுவும் மாமிசந்தானே, சாமி."

சாமி குனிந்து அந்தச் சின்னக் குட்டியை எடுத்து மடிக்கு நேராக வைத்தார். அது வைத்த இடத்தில் இருந்தது.

உமையாள் அதைப் பார்த்தபடியே சொன்னாள். "டாக்டரம்மா சொன்னபடி செஞ்சா, வைரவருக்குக் கொடுத்த வாக்குத் தப்பிப் போகும். நேர்த்தி தப்பினா, கொடுத்த உசிரை அவர் திருப்பிக் கேப்பாரே. வாக்கைக் காப்பாத்தினா, இது பட்டினியிலேயே போயிடும். எந்தப் பக்கம் போனாலும் இது சாகணுமா? அதுதான் கேட்டேன். நாய்க்கு மாமிசம் அவசியம் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் தைரியமா இருப்பேன்."

"நான் சொன்னா அவளுக்குப் பால் ஊறுமா?"

அவள் குனிந்து சின்னக் குட்டியை மடியோடு இன்னும் நெருக்கி வைத்தாள்.

"சரி, கொஞ்சம் இருங்க. எனக்கும் வைரவர்கிட்ட ஒரு வேலை இருக்கு," என்று சாமி சந்நிதிக்கு நடந்தார். அவருக்கு வலது முழங்காலில் வெகுநாளாக வலி. கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். உமையாள் பின்னாலேயே போனாள்.

சாமி கைகூப்பினார். கண்ணை மூடினார். அவள் காதில் விழுகிற மாதிரியே வேண்டிக்கொண்டார்.

"வைரவா, இந்த முழங்கால் வலி என்னை விட்டுப் போகட்டும். போயிட்டா, நம்ம உமையாள் ஆச்சி ஆயுசுக்கும் உப்பில்லாமச் சாப்பிடுவாங்க."

உமையாள் நிமிர்ந்து பார்த்தாள். சாமி திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். அவளுக்கும் கொடுத்தார். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"குறைஞ்ச மாதிரித்தான் இருக்கு. இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க, ஆச்சி. சமைக்கிறப்ப, உப்புப் போடுறதுக்கு முந்தியே உங்க பங்கைத் தனியா எடுத்து வச்சிடுங்க."

குரு வாக்கு. உமையாள் தலையை ஆட்டினாள். குருவுக்காக இதுகூடச் செய்யக்கூடாதா என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மனது கேட்டுக்கொண்டது. நாக்கு கேட்டுக்கொண்டதா என்பது மத்தியானம் தெரிந்தது.

அன்றைக்கு முருங்கைக்காய்க் குழம்பு. வாழைக்காய்ப் பொரியல். வழியோடு வந்த இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். உமையாள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, தன் இலையை விரித்து உட்கார்ந்தாள். எதிரில் சாமி.

முதல் கவளம் வாயில் போட்டாள். சோறு சோறாக இல்லை. பஞ்சை மென்ற மாதிரி இருந்தது. இரண்டாவது கவளத்தைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

வழிப்போக்கர்களில் ஒருவர் விரலை நக்கிச் சப்புக்கொட்டினார். "ஆச்சி, குழம்புன்னா இது குழம்பு. உப்பும் புளியும் என்னமா நிக்குது."

"நல்லாச் சாப்பிடுங்க," என்றாள் உமையாள். குரலில் அவ்வளவு உபசாரம் இல்லை.

சாமி எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணைச் சுருக்கி ருசித்தார்.

"ஊறுகாய் இந்தத் தடவை நல்லா ஊறியிருக்கு, ஆச்சி."

"ஆமா."

"சாப்பிடுங்க. ஏன் கையை வச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னைக்கு ஒருநாள்தான் கஷ்டமா இருக்கும். ஆயுசுக்கும்னு ஆனப்புறம் பழகிடும்."

மூன்றாவது கவளம் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. உமையாள் அதை இலையிலேயே வைத்தாள். இத்தனை வருஷத்தில் சாமியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வந்துவிட்டது.

"சாமி, உங்க கால் வலிக்கு நீங்க உப்பை விடலாம். இல்லை, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அடுப்படியில நாள் முழுக்க வேர்த்து நிக்கிற உடம்பு சாமி இது. உப்பில்லாம எத்தனை நாள் தாங்கும்?"

"அது தெரிஞ்சுதான் கேக்கலை."

வழிப்போக்கர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார்கள்.

உமையாள் அவரையே பார்த்தாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். கொட்டகைப் பக்கமிருந்து குட்டிகளின் சத்தம் வந்தது. காலையில் மூன்று குரல் இருந்தது. இப்போது ஒன்றுதான் கேட்டது.

அவள் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். சோற்றை வீணாக்குவது அந்த மடத்தில் பெரிய குற்றம். அது அவளுக்கு நினைவே வரவில்லை.

கொட்டகையில் வைரவி கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது. வைத்த கஞ்சி ஏடு படிந்து அப்படியே இருந்தது. உமையாள் அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"உன்னை நான் ஒரு வார்த்தை கேக்கலையே," என்று நாயிடம் சொன்னாள். பிறகு சாமியைப் பார்த்தாள். "ஆனா வாக்குக் கொடுத்துட்டேனே. அது சும்மா போகுமா? எனக்குப் பயமா இருக்கு, சாமி."

"நானும் அவர்கிட்டத்தான் வாக்குக் கொடுத்தேன். அதை முறிக்கணும். தனியாப் போக எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், வாங்க. கோபம் வந்தா முதல்ல என் முழங்காலைப் பிடிக்கட்டும்."

இரண்டு பேரும் சந்நிதியில் நின்றார்கள். உமையாளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேட்டுப் பழகிய வாய். கொடுத்ததைத் திருப்பி வாங்கிப் பழக்கம் இல்லை.

"அப்பா," என்றாள். "இதோட வாயை உனக்குக் கொடுத்துட்டேன். அது என் பொருளே இல்லை. அதுகிட்டயே திருப்பிக் கொடுத்துடுறேன். கோபம்னா அது என்னோட இருக்கட்டும். குட்டிகளைத் தொடாதே."

"ஆச்சி உப்புப் போட்டுச் சாப்பிடட்டும்," என்று சாமி தன் பங்கைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது அவர் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வலி திரும்பி வந்துடுச்சா, சாமி?" என்று உமையாள் பயந்துபோய்க் கேட்டாள்.

"அது எங்க போச்சு, திரும்பி வர?"

சாமி திருவோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி, மீரான் ராவுத்தர் கடை சாத்துறதுக்குள்ள போவோம்."

மீரான் ராவுத்தரின் கறிக்கடை சந்தைத் தெருவின் கடைசியில் இருந்தது. அந்தத் தெருவில் போகவேண்டி வந்தால் உமையாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரியில் போகிறவள். இன்றைக்கு முந்தானை தோளிலேயே இருந்தது. பொத்திக்கொள்ளக் கை போனது. பாதியில் இறக்கிக்கொண்டாள்.

ராவுத்தர் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"சாமி, பழக்கடை அந்தப் பக்கம்."

"தெரியும் ராவுத்தரே. பிச்சைக்கு வந்தேன்."

"என் கடைக்கா?"

"உங்க கடைக்குத்தான். வீட்டுல பிள்ளை பெத்தவ ஒருத்தி பசியாக் கிடக்கா."

ராவுத்தர் உமையாளைப் பார்த்தார். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"வைரவிங்களா?" என்று ராவுத்தர் கேட்டார். "அது சைவம்னுல்ல ஊரே சொல்லுது. போன மாசம் கடை வாசல்ல வந்து உட்கார்ந்துச்சு. ஒரு துண்டு எடுத்துப் போடலாம்னு பார்த்தேன். வேண்டாம் மீரான், மடத்து நாயைக் கெடுத்தேன்னு ஆச்சி வந்து சண்டைக்கு நிப்பாங்கன்னு விரட்டிவிட்டேன்."

உமையாளுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. வைரவி தெருவைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தன்னை யாரும் கேட்கவில்லை என்று, தானாகவே வந்து சொல்லிப் பார்த்திருக்கிறது.

"இனிமே விரட்டாதீங்க, தம்பி," என்றாள்.

ராவுத்தர் ஈரலை எடுத்து நறுக்கினார். திருவோட்டில் போடக் கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். "இதுல எப்படிங்க போடுறது? இதை எங்க வச்சு வேக வைப்பீங்க? மடத்து அடுப்புல ஆகாதே."

வீடு கடைக்குப் பின்னாலேயேதான். உள்ளே இருந்து அவர் மனைவி ஜுலைகா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "இங்க கொடுங்க, நான் வேக வச்சுத் தர்றேன்," என்று வாசலுக்கு வந்தாள். "மடத்துச் சட்டி எதுக்குங்க, எங்க சட்டியிலயே கொண்டு போங்க. உப்புப் போடவா, ஆச்சி?"

உமையாள் சாமியைத் திரும்பிப் பார்த்தாள். சாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி," என்றாள். "நாய்க்கு உப்பு ஆகாதாம். டாக்டரம்மா சொன்னாங்க."

சட்டியைத் துணியில் சுற்றி உமையாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு கையில் உறைத்தது. வாடையும் வந்தது. அவள் வாய்க்குள் வைரவர் பேரைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அருவருப்பு போகவில்லை. ஆனாலும் நடை குறையவில்லை.

கொட்டகையில் அதை மசித்து, கையில் எடுத்து, வைரவியின் வாய்க்கு நேரே நீட்டினாள். வைரவி முகர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. உடனே தின்னவில்லை. மஞ்சள் தண்ணீர் வருமோ என்று பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"தின்னு தாயி," என்றாள். "கழுவ மாட்டேன்."

வைரவி தின்றது. கை விரலையெல்லாம் நக்கித் தின்றது. அவள் மறுபடி எடுத்து நீட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அன்றும் மறுநாளும் சின்னக் குட்டிக்குப் பசும்பாலைத் தண்ணீர் விட்டு, துணித்திரியில் சொட்டு விட்டார்கள். அதற்கடுத்த நாள் அதுவே மடியைத் தேடிப் போய் முட்டியது. பால் வரவில்லை என்று கத்தியது. உமையாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக ஓடிவந்து, "கத்துறா சாமி, கத்துறா," என்று மடம் முழுக்கச் சொன்னாள்.

நாட்கள் போயின. வைரவி எழுந்து நடமாடியது. குட்டிகள் கண் திறந்தன. வைரவர் ஒன்றும் கேட்கவில்லை. சைவ நாயைப் பார்க்க வந்தவர்கள் கொட்டகையில் இருந்த சட்டியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போனார்கள். உமையாளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் காலையில் ராவுத்தர் வீட்டுக்கு அவளே போய் வந்தாள். ஜுலைகாவோடு வாசலில் நின்று குட்டிகளின் சேட்டையைச் சொல்லிவிட்டு வருவாள். தயிர்சோற்றையும் அவள் விடவில்லை. ஒரு சட்டியில் அது, ஒரு சட்டியில் இது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பாள். தின்கிறவள் பாடு என்று தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம் வைரவி இரண்டு சட்டியையும் முகர்ந்தது. தயிர்சோற்றைக் குளிரக் குளிரத் தின்று முடித்தது. கறிச்சட்டியை ஒரு பார்வை பார்த்தது. தொடவில்லை. குட்டிகளை இழுத்துக்கொண்டு நிழலில் போய்ப் படுத்துவிட்டது.

உமையாளுக்கு நெஞ்சு துள்ளியது. வெறும் சட்டி ஒரு கையிலும் நிறைந்த சட்டி ஒரு கையிலுமாகச் சாமியிடம் ஓடினாள். சாமி கூடத்தில் காலை நீட்டி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பாருங்க. தயிர்சோறு அத்தனையும் தின்னுட்டா. இதைத் தொடக்கூட இல்லை. அப்ப நாய்க்கு மாமிசம் அவசியம் இல்லைதானே? வைரவர்கிட்டப் போய் அந்த வாக்கை மறுபடியும் சொல்லிட்டு வந்துடவா?"

சாமி எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு இரண்டு சட்டியையும் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம்னு அவ சொல்லியிருக்கா. வைரவர் எங்கயும் போயிட மாட்டார், ஆச்சி. நாளைக்கும் ரெண்டு சட்டியையும் வச்சு, அவகிட்டயே கேளுங்க."